பானையன் போன வழி

என் கணவர் சரணுடைய பூதம் காணாமல் போன கதை எனக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரியும். மற்ற மாப்பிள்ளைகள் காலேஜில் யாரைக் காதலித்தேன், யார் கைவிட்டாள் என்று சொல்வார்களாம். இவர் எனக்குச் சொன்னது பானையனைப் பற்றி. பள்ளிக்கூட நாட்களில் விளையாடிய ஒரு டிவி கேமில் இவர் வளர்த்த பூதம் அது. பானை மாதிரி உடம்பு, வயிற்றிலேயே வாய். எதிரில் வருவதையெல்லாம் அப்படியே விழுங்கிவிடும். ஒரு கோடை விடுமுறை முழுக்க அதை வளர்த்து ஆளாக்கினாராம். கூட விளையாடிய தமிழரசு என்கிற நண்பன் அதை வேண்டுமென்றே வெளியே விட்டுவிட்டானாம். சொல்லும்போது குரல் கம்மியது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்குள் போய்விட்டேன்.

சரண் ஆவடி சேக்காட்டில் பிறந்து, சேக்காட்டிலேயே வளர்ந்து, இன்னும் அங்கேயே இருக்கிறவர். எங்கள் தெருவும் அடுத்தடுத்த தெருக்களும் ஒரு காலத்தில் இவர்கள் குடும்பத்து வயல். மாமனார் ஜெயராமன் எல்லாவற்றையும் மனை போட்டு விற்றபோது வீட்டை மட்டும் விட்டுவைத்தார். சரணுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அங்கே அளவு ஒரு முடி தப்பினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். கோபமே வராத மனுஷன் என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். எனக்கு அது பெரிய புகழ்ச்சியாகப் படவில்லை. நான் அறிவியல் டீச்சர். கேள்வி கேட்டால் பதில் வந்தாக வேண்டும். இவரிடம் எதைக் கேட்டாலும் "இன்னாமோ தெர்ல பிரியா" என்றுதான் வரும்.

நண்பர் என்று சொல்லிக்கொள்ள இவருக்கு ஒருவரும் கிடையாது. எங்கள் கல்யாண போட்டோக்களில் என் பக்கம் தோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர் பக்கம் மாமா, சித்தப்பா, கம்பெனி மேனேஜர். ஆபீசில் சேர்ந்து சாப்பிட ஆள் உண்டு, சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை. ஒருமுறை நான் கேட்டே விட்டேன். "இருந்தான் ஒருத்தன். அவன்தான் பானையன விட்டுட்டானே" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு பொம்மை பூதத்துக்காக ஒருவர் இருபது வருஷமாக நண்பனே இல்லாமல் இருப்பாரா என்று எனக்கு அப்போதே குழப்பம். விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் திருமுல்லைவாயல் பக்கம் பைக் சறுக்கி இவர் கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டு வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். முதல் சில நாட்கள் செய்தி பார்த்தார். அப்புறம் ஒரு நாள் நான் ஸ்கூல் விட்டு வந்தால், லேப்டாப்பில் ஒரு பொடியன் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறான்.

"பிரியா, கெணறு கேமு! கெடச்சிட்ச்சு!"

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊர் நடுவே ஒரு கிணறு. உள்ளே இறங்கினால் அறைக்குக் கீழே அறையாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அறைகள் இடம் மாறியிருக்கும். அங்கே திரிகிற பூதங்களைப் பிடித்து மேலே கொண்டுவந்து கொட்டகையில் வளர்க்க வேண்டும். வளர்ந்ததைக் கூட்டிக்கொண்டு இன்னும் ஆழமாகப் போக வேண்டும். அடி ஆழத்தில் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் ஆட்டம் முடிந்தது.

இவருடைய மாமா சிங்கப்பூரிலிருந்து ப்ளேஸ்டேஷன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாராம். சி.டி. மட்டும் பர்மா பஜாரில் வாங்கியது. உறையெல்லாம் ஜப்பான் எழுத்து. உள்ளேயும் ஜப்பான் எழுத்து. ஒரு வார்த்தை புரியாமல் இரண்டு பிள்ளைகளும் வருஷக்கணக்கில் விளையாடியிருக்கிறார்கள். திரையில் எழுத்து வந்தால் பட்டனை அமுக்கித் தள்ளிவிட வேண்டியது, அவ்வளவுதான். பூதங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சுவரில் தொங்குகிற ஒன்று ஈரத்துணி. காயத்துக்குப் போடுகிற மருந்து மாதிரி நீலமாக ஒழுகுகிற ஒன்று டிஞ்சர். இப்போது யாரோ வெளிநாட்டு ரசிகர்கள் உட்கார்ந்து முழுவதையும் இங்கிலீஷில் மாற்றி இணையத்தில் சும்மாவே போட்டிருக்கிறார்கள். அதைத்தான் இவர் பிடித்திருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்குத் தலை சுற்றியது. பையன் கிணற்றுக்குள் எவ்வளவு பலம் சேர்த்தாலும் மேலே வந்தவுடன் பழையபடி நோஞ்சானாகிவிடுகிறான். பையில் நாலு பொருள் போடுவதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. எத்தனை ஆழம் போனாலும் அதே செங்கல் சுவர். ஒரு கதவைத் திறந்து அடுத்த அறை வருவதற்குள் நான் அடுப்பில் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்துவிடலாம். பாட்டு ஒன்றே ஒன்று. அது ஓடி ஓடி, மாமனார் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதையே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இதுல என்ன இருக்குன்னு இத்தனை வருஷம் உருகினீங்க?" என்றேன்.

"மட்டமான கேமுதான் பிரியா. இப்ப பாக்கச்சொல்லதான் தெரியுது, எவ்ளோ மட்டம்னு." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஆனா ஒண்ணு பாரு. பையன் எல்லாத்தையும் மறந்துடுவான். பூதம் மறக்காது. அது வளர்ந்தது வளர்ந்தபடியே கீது."

உண்மைதான். பையன் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு கிணற்றடிக்கு வருவான். கொட்டகையிலிருந்து பூதங்கள் தலையைச் சாய்த்து அவனைப் பார்க்கும். அதைப் பார்க்க எனக்கே பிடித்திருந்தது. மாவுக்கட்டுக்காரர் சந்தோஷமாக இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு இருட்டாக இருக்கிறது. லைட் போடக்கூட எழுந்திருக்கவில்லை. லேப்டாப் மூடிக் கிடக்கிறது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பகீரென்றது.

"என்ன ஆச்சு?"

"பூதத்த வெளிய விடவே முடியாது பிரியா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெதுவாக விளக்கினார். இங்கிலீஷில் வந்த பிறகுதான் ஆட்டத்தின் விதிகளை முதல் தடவையாகப் படித்திருக்கிறார். பிடித்த பூதத்தை விடுவிக்கிற வசதியே அந்த ஆட்டத்தில் கிடையாதாம். எந்தப் பட்டனும் இல்லை, எந்த வழியும் இல்லை. ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. முழுதாக வளர்ந்த பூதத்தைக் கிணற்றுக்குள் கூட்டிப் போகாமல் கொட்டகையிலேயே சும்மா விட்டுவைத்தால், அது தானாகக் கிணற்றுக்குத் திரும்பிப் போய்விடும். போவதற்கு முன்னால் திரையில் ஒரே ஒரு வரி வரும். கொட்டகையில் அது நிலை கொள்ளாமல் நிற்கிறது என்று. அந்த வரியைத்தான் இவர்கள் பட்டனை அமுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

"இன்னிக்கு என் கண்ணு முன்னாடியே ஒண்ணு போச்சு. நடந்து போய் கெணத்துல எறங்கிட்ச்சு."

"அப்போ பானையனும் அப்படித்தான் போயிருக்கு. உங்க ஃப்ரெண்டு ஒண்ணும் பண்ணலை. இதுக்கு எதுக்கு இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"அவன் பண்ணலன்னா, ஏன் நான்தான் விட்டேன்னு சொன்னான்?"

அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பர்மா பஜார் சி.டி.யில் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்றார். அதற்காகப் பழைய ஜப்பான் பதிப்பையும் தேடி எடுத்து விளையாடிப் பார்த்தார். அதிலும் வழி இல்லை. தமிழரசுக்கு யாருக்கும் தெரியாத ஏதாவது குறுக்கு வழி தெரிந்திருக்குமோ என்றார். பட்டன்களை எல்லா விதமாகவும் சேர்த்து அமுக்கிப் பார்த்தார். ஆட்டம் நின்றுபோனதுதான் மிச்சம். ரசிகர்கள் கூடுகிற இணையப் பக்கத்தில் போய்க் கேட்டார். போலந்திலிருந்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். அதுதான் இந்த ஆட்டத்தின் மகா மட்டமான குறை, எங்கள் எல்லாருக்கும் ஒரு பூதம் அப்படிப் போயிருக்கிறது, நான் என் தம்பியைப் போட்டு அடித்தேன், பாவம் அவன் கடைசிவரை இல்லவே இல்லை என்று அழுதான் என்று.

"பாத்தியா, அவன் தம்பி இல்லன்னு சொல்லிகீறான். இவன் ஏன் ஆமான்னு சொன்னான்?" என்று என்னிடம் திருப்பிக் கேட்டார் சரண். பொறாமையில் சொல்லியிருப்பான் என்றேன். வீம்புக்குச் சொல்லியிருப்பான் என்றேன். தான் எதையாவது அமுக்கித்தான் அது போயிற்று என்று அவனே நம்பியிருப்பான் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில் "இல்ல, அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்பார். இருபது வருஷம் துரோகி என்று சொல்லிக்கொண்டிருந்தவரைப் பற்றித்தான் இப்படி. எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் பாவமாகவும் இருந்தது. தமிழரசு குற்றவாளி இல்லை என்றால் இவருக்கு நண்பன் ஒருவன் இருக்கிறான். அதை நிச்சயப்படுத்திக்கொள்ள இந்த மனுஷன் தவிக்கிறார்.

வேறு யாரைக் கேட்பது? மாமனாரைக் கேட்டார். அவர் அப்போது ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ப்பா, தமிழரசு ஞாபகம் கீதா?"

"முத்தம்மா பையனா? ஏன் இல்லாம?" முத்தம்மாள் இவர்கள் வீட்டில் மாடு பார்த்துக்கொண்டு, அறுவடைக்கு வயலிலும் இறங்கியவர். மாடும் வயலும் போகிற வரைக்கும் இருந்தார்.

"அவன் என் கேம்ல ஒரு பூதத்த விட்டுட்டேன்னு சொன்னானே, நீ கூட வந்து கேட்டியே."

"எந்த பூதம்?" மாமனாருக்கு அது சுத்தமாக நினைவில்லை. ஆனால் தமிழரசு நினைவில் இருந்தார். பேப்பரை மடித்துவைத்துவிட்டு ரொம்பப் பிரியமாகச் சொன்னார். "நல்ல பையன்டா அவன். நேர்மையான பையன். ஊட்ல எது காணாம போனாலும் ஒரு அதட்டு போட்டா போதும், நான்தான்னு உடனே ஒத்துக்குவான். இந்தக் காலத்துல எவன் ஒத்துக்கறான்?"

சரண் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பதிலில் எதுவோ இடித்தது. இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கட்டுப் பிரித்து, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும் பழைய வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தமிழரசுவின் எண்ணைத் தேடி எடுத்தார். போன் பண்ணாமல் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் போனைப் பிடுங்கிக் கூப்பிட்டேன். "வாங்கம்மா, தாராளமா வாங்க" என்றது மறுமுனை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து வேப்பம்பட்டுக்குப் போனோம். லேப்டாப்பை இவர் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

தமிழரசு சொந்தமாக வீடு கட்டியிருக்கிறார். வாசலில் டைல்ஸ், மாடிக்குப் பாதி கட்டின படி. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய குடோனில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆள் நல்ல உயரம், பேச்சில் சிரிப்பு. அவர் மனைவி ரேகா எங்களுக்கு நாற்காலி போட்டார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் முத்தம்மாள் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்று நான் சொல்லியும், "அப்பா நல்லா கீறாரா நைனா?" என்று சரணைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"கால் இன்னா ஆச்சு சரண்? பைக்கா? பாத்து ஓட்றதில்ல?" என்றார் தமிழரசு.

சரண் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லேப்டாப்பைத் திறந்தார்.

"அய்ய, கெணறு!" தமிழரசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "தோ, ஈரத்துணி! இன்னும் தொங்கிகினு கீறான் பாரு. டிஞ்சரு எங்க? அய்யய்யோ, அதே பாட்டு!"

"கதவு தெறந்தா எவ்ளோ நேரம் ஆவுது பாரு. அப்பவும் இப்படித்தானா?"

"இத வுட லேட்டு. நாம அதுக்குள்ள வெளிய போய் ரெண்டு பந்து போட்டுட்டு வருவமே."

இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு சிரித்தார்கள். என் கணவர் வாய்விட்டுச் சிரிக்கும்போது தோள் குலுங்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்படியே எழுந்து போய்விட்டால் போதும், எதையும் கேட்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. கண்ணால் ஜாடை காட்டினேன். இவர் பார்த்தால்தானே.

"தமிழு, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இதுல பூதத்த விடவே முடியாதாம். நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். அப்ப நீ எப்படி பானையன விட்ட?"

தமிழரசுவின் விரல் பட்டன் மேல் நின்றது. "அது இன்னாத்துக்கு இப்ப? வுடுங்க சரண்."

"இல்லடா, எனக்கு மண்ட வெடிக்குது. காணாம போச்சு. கேட்டேன். நீதான் நான் விட்டுட்டேன்னு சொன்ன."

உள்ளே டிவி சத்தம் நின்றது. முத்தம்மாள் வேகமாக வெளியே வந்தார். எங்கள் பேச்சில் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நைனா, சின்னப் புள்ள, தெரியாம பண்ணிடுச்சு. மனசுல வெச்சிக்காத" என்றார். கை தானாகக் கூப்பிக்கொண்டது. "இன்னா காணாம போச்சுன்னு சொல்லு, தமிழ வாங்கிக் குடுத்துட சொல்றேன். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத."

எது காணாமல் போனது என்றே அவருக்குத் தெரியாது. அது நடந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் நிற்பது அவர் மகன் கட்டின வீட்டில். சரண் ஒன்றும் புரியாமல் அந்த அம்மாளின் கையையே பார்த்தார்.

"ம்மா!" என்று தமிழரசு போட்ட சத்தத்தில் ரேகா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். "எதுவும் காணாம போல. நீ போய் உக்காரு. கைய எடும்மா மொதல்ல."

முத்தம்மாள் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தமிழரசு லேப்டாப்பை மூடினார். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"தெரியணுமா? சொல்றேன். நீ உங்க அம்மா ஊரு திருவிழாக்குப் பூந்தமல்லி போன. போவச்சொல்ல இன்னா சொல்லிட்டுப் போன?"

"பானையன தொடாத, கீழ கூட்டினு போனா செத்துடும்னேன். மத்ததுங்கள வளத்து வையின்னேன்."

"நான் தொடல. மத்ததுங்கள வெச்சு தெனம் எறங்கினேன். ஒரு நாள் பாத்தா பானையன் கொட்டாயிலேர்ந்து எறங்கி நடக்குது. கெணத்தாண்ட போவுது. நான் எல்லா பட்டனையும் அமுக்கறேன், நிக்கல. போய் குதிச்சிட்ச்சு. நீ வந்ததும் நான் இன்னா சொன்னேன்? ஞாபகம் கீதா?"

"விட்டுட்டேன்னு..."

"அது அப்பறம். மொதல்ல அதுவா போச்சுன்னு சொன்னேன். என் கண்ணால பாத்தேன்னு சொன்னேன். பூதம் எப்படிடா அதுவா போவும், நீ பொய் சொல்றன்னு கத்தின. அந்த சத்தத்துல உங்கப்பா வந்துட்டாரு. இன்னாடா காணோம்னு கேட்டாரு. எங்கம்மா பின்னாடி சாணி வாரிகினு இருந்துச்சு. உடனே நான்தான்னுட்டேன்."

"ஏன்டா? நீதான் பண்ணலையே."

"உங்க ஊட்ல அதான வழக்கம்? சைக்கிள் பம்பு காணோம், நான்தான். உன் தங்கச்சி கொலுசு காணோம், நான்தான். அந்தக் கொலுசு அப்பால வைக்கோல் போர்ல கெடச்சுது, அது தெரியுமா உனுக்கு? நான்தான்னு சொல்லிட்டா ரெண்டு அடியோட முடிஞ்சிடும். இல்லன்னு சொன்னா எங்கம்மாவ கூப்ட்டு மடிய உதறிக் காட்டச் சொல்லுவாரு. அது பாக்க முடியாது என்னால."

ரேகா கதவருகே டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் இது புதுசு என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அது... டிவில இருந்த பூதம்டா. அதுக்கு யாரு மடிய உதறச் சொல்லப் போறாங்க?" என்றார் சரண், ரொம்ப மெல்லிய குரலில்.

"காணோம்னு கேட்டா நான்தான்னு சொல்லணும். எனக்கு அவ்ளோதான் தெரியும் அன்னிக்கு." தமிழரசு சரணை நேராகப் பார்த்தார். "மொதல்ல உண்மைய சொன்னேன், நீ நம்பல. அப்பறம் பொய் சொன்னேன், ஒரே வாட்டில நம்பிட்ட."

கல்யாணமான வாரம் பாத்ரூமுக்குள் போய்ச் சிரித்த கதை இது. நான் தினமும் கூட்டிப் பெருக்குகிற வாசலில்தான் அந்த அம்மாள் மடியை உதறியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

"நான்தான்டா" என்றார் சரண். "நான்தான் தொடாதன்னு சொன்னேன். அதாலதான் பானையன் போச்சு. நீ கீழ கூட்டினு போயிருந்தா இருந்திருக்கும்."

பரவாயில்லை என்று தமிழரசு சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. டீயை எடுத்து எங்களிடம் கொடுத்தார். மழையைப் பற்றி, வேப்பம்பட்டில் நிற்காமல் போகிற ரயில்களைப் பற்றி, பாதியில் நிற்கிற மாடிப்படியைப் பற்றி நானும் ரேகாவும்தான் பேசினோம். கிளம்பும்போது நான் உள்ளே போய் முத்தம்மாளிடம் சொல்லிக்கொண்டேன். அவர் மறுபடியும் எழுந்து நின்றார். இந்தத் தடவை நான் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆட்டோவில் ஏறும்போது சரண் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நம்ம ஊட்டுக்கு ஒரு நாள் வாடா. அந்தக் கடேசிக் கதவு வரைக்கும் சேந்து போலாம்."

"அந்த ஊட்டுக்கு நான் வரல" என்றார் தமிழரசு. லேப்டாப்பை எடுத்து ஆட்டோவுக்குள் வைத்தார். "நீ இங்க வா. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. அந்தப் பொட்டியயும் எடுத்துகினு வா."

வழியெல்லாம் சரண் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவன் கோபமாகச் சொன்னானா, பிரியமாகச் சொன்னானா? வரச் சொன்னது மன்னித்ததாக ஆகுமா? மன்னிக்கவில்லை என்றால் எதற்காக வரச் சொல்ல வேண்டும்? எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா? வரச் சொல்லியிருக்கிறார், போங்கள் என்றேன். வீட்டுக்கு வந்ததும் மாமனார் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று விசாரித்தார். சரண் பதில் சொல்லாமல் உள்ளே போனார். அப்பா கேட்டு இவர் பதில் சொல்லாமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு காலையிலேயே தனியாகக் கிளம்பிப் போனார். நான் கூடப் போகவில்லை. நாள் முழுக்க வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை எனக்கு. பொழுது சாய்கிற நேரத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருமுனையில் தெரிந்தார். வாசலுக்கே போய்க் கேட்டேன்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பொட்டிய வாங்கினவன் கடேசிவரிக்கும் குடுக்கவே இல்ல. அவனேதான் வெளாண்டான். நான் பக்கத்துல உக்காந்து பாத்துகினு இருந்தேன்."

"கதவு?"

"புதுசா ஒரு பானையன் புடிச்சு, இங்கிலீஷ்ல போட்டதெல்லாம் படிச்சு ஒரே நாள்ல வளத்து, கதவாண்ட வரிக்கும் கூட்டினு போய்ட்டான் பிரியா. தெறப்பான்னு பாக்கறேன், தெறக்கல. அப்படியே பொட்டிய மூடி வெச்சிட்டு, அடுத்த வாரம் வான்னுட்டான்."